வலியற்ற கையும் வலியின் பொருளும்: வேலூர்த் தொழுநோய் மறுவாழ்வுப் பணி இயன்முறை மருத்துவத்திற்குத் தரும் வரலாற்றுப் பாடம் (1947–1966)

ஆய்வுச் சுருக்கம்

வலியின் அளவே உடற்பழுதின் அளவு என்னும் கருத்து மருத்துவத்தில் நெடுங்காலம் நிலவியது. வலியுணர்வை இழந்த தொழுநோயாளரிடையே வேலூரிலும் செங்கற்பட்டிலும் நடைபெற்ற மறுவாழ்வுப் பணி, பழுது இருந்தும் வலி இல்லாத நிலையை வெளிப்படுத்தியது. அதே காலத்தில் மேலைநாட்டில் உருவான வலிக் கொள்கை, பழுதின் அளவுக்கு ஒவ்வாத வலியை விளக்க முயன்றது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து, மூட்டு வலி, நரம்பு வலி, நாட்பட்ட வலி ஆகியவற்றிற்கான இயன்முறை மருத்துவத்தின் அடிப்படையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வலி, தொழுநோய், இயன்முறை மருத்துவம், தசைநாண் மாற்று அறுவை, மறுவாழ்வு, வேலூர்.

முன்னுரை

மூட்டு வலியுடனோ முதுகு வலியுடனோ இயன்முறை மருத்துவரை நாடுவோர் பலரிடம் ஓர் எண்ணம் காணப்படுகிறது. வலி மிகுந்தால் உள்ளே பழுதும் மிகுந்திருக்கும். வலி நீங்கினால் பழுதும் நீங்கிவிடும் என்பதே அது. இவ்வெண்ணத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனே தெக்கார்த், அவர் மறைவுக்குப்பின் 1660களில் வெளியான நூலொன்றில், கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் மறுமுனையில் மணி ஒலிப்பதைப்போல, காலில் பட்ட தீயின் தாக்கம் நரம்பு வழியே மூளையை எட்டுகிறது என விளக்கினார். இழுப்பு வலுத்தால் ஒலியும் வலுக்கும் என்னும் இவ்வுவமை, பிற்கால மருத்துவச் சிந்தனையில் ஆழப் பதிந்தது.

இவ்வுவமையின் போதாமையைக் காட்டும் சான்றுகளுள் ஒன்று தமிழகத்தில் கிடைத்தது. ஆயினும், அது பெரும்பாலும் அறுவை மருத்துவத்தின் சாதனையாகவோ தொண்டு வரலாறாகவோ மட்டுமே சொல்லப்பட்டு வருகிறது. வலியைப் பற்றிய அறிவின் வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

செங்கற்பட்டில் எழுந்த வினா

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். இலண்டனில் மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகப் பணியேற்றார். அடுத்த ஆண்டு, தொழுநோய் வல்லுநர் இராபர்ட் காக்ரேனின் அழைப்பின்பேரில், செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இயங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவ நிலையத்திற்குச் சென்றார். அங்கு விரல்கள் மடங்கிச் செயலிழந்ததாகத் தோன்றிய நோயாளி ஒருவரிடம் தம் கையைப் பற்றி அழுத்துமாறு கூறினார். பிடி வலிக்குமளவு வலுவாக இருந்தது. அழுத்தியவரோ தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உணரவில்லை.

இந்நிகழ்வில் இரண்டு வினாக்கள் அடங்கியிருந்தன. முதலாவது, கையின் எத்தசைகள் செயலிழந்தன, எவை எஞ்சின என்பது. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில் செழித்து வளர்வது. எனவே, தோலை ஒட்டிச் செல்லும் நரம்புகள் முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால் போன்ற இடங்களில் வீங்கிப் பழுதடைகின்றன. முழங்கையருகே அல்னார் நரம்பு பழுதுற்றால் கையின் சிறு தசைகள் செயலிழக்கும். முன்கைத் தசைகளில் பல வலுக்குன்றாமல் நிற்கும். வலுவுள்ள தசையின் நாணை இடம்மாற்றி விரலோடு இணைத்தால் மடங்கிய விரலை நிமிர்த்தலாம் என்பது இதிலிருந்து பிறந்த முடிவு. 1948 முதல் இத்தகைய அறுவைகள் வேலூரில் மேற்கொள்ளப்பட்டன. இரண்டாவது வினா, உணர்வற்ற கை தன்னை எவ்வாறு காத்துக்கொள்ளும் என்பது. அறுவையால் மட்டும் அதற்கு விடை கிடைக்கவில்லை.

அறுவைக்கு முன்னும் பின்னும்

தசைநாண் மாற்று அறுவையின் வெற்றி இயன்முறை மருத்துவத்தைப் பெரிதும் சார்ந்திருந்தது. இறுகிய விரல் மூட்டுகளை அறுவைக்கு முன்னரே தளர்த்த வேண்டும். மாற்றப்படவிருக்கும் தசையைத் தனித்து இயக்க நோயாளி பழக வேண்டும். அறுவைக்குப்பின் ஏறத்தாழ மூன்று வாரம் மாக்கட்டில் இருந்த கை விடுவிக்கப்பட்டதும், மணிக்கட்டையோ விரலின் நடுமூட்டையோ இயக்கி வந்த தசைக்குப் புதிய வேலையைக் கற்பிக்க வேண்டும். இங்கே கற்பது தசை அன்று, மூளையே. உணர்வற்ற கையில் தொடுவுணர்வு வழிகாட்டாததால், நோயாளி கண்ணால் பார்த்துப் பார்த்தே பயின்றார். இயக்கம் என்பது கற்றுக்கொள்ளத்தக்கது என்னும் இக்கருத்து பின்னர் நாட்பட்ட வலி மருத்துவத்திலும் மையம் பெற்றதை மேலே காண்போம்.

புண்ணின் காரணம் தேடல்

தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று அக்காலத்தில் பரவலாக நம்பப்பட்டது. 1951இல் வேலூரில் தொடங்கப்பட்ட நவஜீவ நிலையத்தில் தங்கித் தொழில் பயின்றோரிடம், ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடப்பட்டது. கருவியின் பிடியிலிருந்த சிராய், சூடான பாத்திரம், மிகையாக இறுக்கிய பிடி எனக் காரணங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. இரவில் உறங்கும்போது எலி கடித்ததும் அவற்றுள் ஒன்று. அதற்குத் தீர்வாகப் பூனைகள் வளர்க்கப்பட்டன. காயத்திற்கு ஓய்வு கொடுத்தபோது, பிறருக்கு ஆறுவதைப்போலவே தொழுநோயாளருக்கும் ஆறியது. அவர்களின் சதை கெட்டதன்று. அதற்குக் காவல் இல்லாமற்போனதே குறை என்பது புலனாயிற்று. 'கெட்ட சதை' என்னும் நம்பிக்கை, இவர்களுக்கு மருத்துவம் வீண் என்று கைவிடுவதற்கும் துணைநின்றது என்பதால், இம்முடிவு மருத்துவ எல்லையைக் கடந்த முக்கியத்துவம் உடையது.

உள்ளங்காற் புண்களின் ஆய்வு இதனை மேலும் தெளிவாக்கியது. பாதம் மூன்று வழிகளில் பழுதடைகிறது: ஒரே முறை தாக்கும் பெருவிசை, இறுக்கமான காலணிபோல நெடுநேரம் நீடித்துக் குருதியோட்டத்தைத் தடுக்கும் சிறுவிசை, நடையின்போது ஓரிடத்திலேயே மீண்டும் மீண்டும் விழும் நடுத்தர விசை. உணர்வுள்ளவர் நெடுந்தொலைவு நடக்கையில், தாம் அறியாமலேயே பாதத்தின் சுமையை இடம்மாற்றுகிறார், சற்று நொண்டுகிறார், அமர்கிறார். உணர்வற்றவர் முதல் அடியைப்போலவே கடைசி அடியையும் வைக்கிறார். மென்மையான நுண்ணறை ரப்பர்க் காலணி, மாக்கட்டு, பாதத்தை நாள்தோறும் கண்ணால் ஆராயும் பழக்கம் ஆகியவை, வலி செய்துவந்த வேலையை வேறு வழியில் செய்ய முயன்றவையே. 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், இவ்வறிவை நீரிழிவு நோயாளரின் பாதப் பராமரிப்புக்கும் கொண்டுசென்றார்.

வலிக் கொள்கையில் மாற்றம்

வேலூர்ப் பணி பழுதுக்கும் வலிக்கும் இடையிலான பிரிவின் ஒரு பக்கத்தைக் காட்டியது. மறுபக்கம் 1965இல் விளக்கம் பெற்றது. அவ்வாண்டு ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய இருவரும் வாயிற் கட்டுப்பாட்டுக் கொள்கையை வெளியிட்டனர். தண்டுவடத்தில் வலிச் செய்தியைக் கூட்டியும் குறைத்தும் விடும் வாயில் போன்ற அமைப்பு உண்டு. தொடுவுணர்வு இழைகளும் மூளையிலிருந்து இறங்கும் கட்டளைகளும் அதனை மாற்றுகின்றன என்பது அதன் சாரம். அதன் நுண்கூறுகள் சில பின்னர்த் திருத்தப்பட்டன. எனினும், வலி வெறும் மணியோசை அன்று என்னும் அடிப்படை நிலைத்தது. உலக வலி ஆய்வுக் கழகம் 1979இல் தந்த வரையறையும், வலியைப் புலனுணர்வும் உள்ளவுணர்வும் இணைந்த அனுபவமாகவே கொண்டது.

இதற்கு நடைமுறைச் சான்றும் உண்டு. முதுகு வலியே இல்லாத 98 பேரைக் காந்த அதிர்வுப் படம் எடுத்து ஆராய்ந்த முடிவு 1994இல் வெளியானது. அவர்களுள் 52 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பிடை வட்டு ஓரிடத்திலேனும் புடைத்திருந்தது. படத்தில் தெரியும் மாற்றம் வலியின் காரணமாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை.

வேலூர்ப் பணிக்கும் இக்கொள்கைக்கும் நேரடித் தொடர்பு இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒன்று, வலியின்றியும் பழுது வளரும் என்றது. மற்றது, பழுது ஆறிய பின்னும் வலி நீடிக்கலாம் என்பதை விளங்கிக்கொள்ள வழிவகுத்தது. இரண்டும் சேர்ந்தே, வலி பழுதை அளக்கும் கோலன்று, உடலைக் காக்கும் ஏற்பாடு என்னும் கருத்தை முழுமையாக்குகின்றன. தொழுநோயில் அக்காவல் இல்லை. நாட்பட்ட வலியிலோ, நரம்பு மண்டலத்தின் மிகையுணர்வால் அக்காவல் அளவுக்கு மீறி விழித்திருக்கிறது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து இயன்முறை மருத்துவத்திற்கு மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, வலியை அடக்குவதே மருத்துவத்தின் முழு நோக்கமாக இருத்தல் ஆகாது. மூட்டின்மீது விழும் சுமையும் அதன் பங்கீடும் ஆராயப்பட வேண்டும். இரண்டாவது, நாட்பட்ட வலியில் ஆபத்தான காரணம் எதுவும் இல்லை என்று உறுதிசெய்த பின், அசைவை முற்றிலும் தவிர்ப்பதைவிடப் படிப்படியாகக் கூட்டுவதே பொருத்தமானது; புதிய இயக்கத்தைக் கற்கும் திறன் நரம்பு மண்டலத்திற்கு உண்டு. மூன்றாவது, நோயாளிக்குத் தம் வலியின் பொருளை விளக்குவதும் மருத்துவத்தின் பகுதியே. நவஜீவ நிலையத்தில் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடியவர்களுள் நோயாளரும் இருந்தனர். தம் கைகளைத் தாமே கண்காணிக்கக் கற்ற அவர்கள், மருத்துவம் பெறுவோராக மட்டுமின்றி அறிவின் பங்காளிகளாகவும் விளங்கினர். மறுவாழ்வு மருத்துவ வரலாற்றை எழுதும்போது இப்பங்கு தனியே ஆராயத்தக்கது.