பொய்த் தேதி போட்ட ரூபாய்கள்

கொற்கையில் ஒரு வீட்டுக் காசுமாலையிலிருந்து உதிர்ந்த இரண்டு விக்டோரியா ரூபாய்கள், தரம் பார்த்துச் சொல்லும்படி என் கைக்கு வந்தன. ஒன்றில் 1840, மற்றதில் 1862. தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்பே கோத்த மாலை என்பது வீட்டார் சொல். 1840 காசில் ராணியின் காதோரக் கூந்தல் மழுங்கி, கன்னத்தோடு ஒன்றிவிட்டது. 1862 காசிலோ மேலங்கியின் பூவேலை இழையிழையாகத் தெரிந்தது. பஞ்சம் வந்தது 1876இல். பதினான்கு ஆண்டு சந்தையில் புழங்கிய காசு இப்படியா இருக்கும்?

முதல் சந்தேகம் போலி. கள்ளக் காசுகளில் பெரும்பாலும் வார்ப்புக் குழிகள் இருக்கும், விளிம்பு வரிகள் கோணலாக ஓடும். இதில் இரண்டும் இல்லை. கல்லில் தட்டினால் கணீரென்றது. எடை 11.6 கிராம். அசல் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். ஒரு தோலாவும் அதுதான். நாட்டு மருந்துக் கடைகளில் ‘ரூபாய் எடை’ என்று நிறுத்துக் கொடுத்தது இதை வைத்துத்தான். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி.

பானைக்குள் பதுங்கிக் கிடந்திருக்கலாம் என்பது அடுத்த ஊகம். அதை முழுதாகத் தள்ள முடியவில்லை, ஆனால் தேதியையே சந்தேகிக்கலாம் என்று தோன்றியதும் வேட்டை நூலகத்துக்குப் போனது. பிரிட்டிஷ் இந்திய நாணயங்களுக்கு ஃப்ரெட் பிரிட்மோரின் தொகுதிகளை விட்டால் வேறு வழியில்லை. விஷயம் அங்கே இருந்தது. 1862 என்ற தேதி 1874 வரை மாறவே இல்லை! புதிய அச்சுகளிலும் அதே ஆண்டையே பொறித்துக்கொண்டிருந்தார்கள். பம்பாய் அக்கசாலை மட்டும் தேதியை ஒட்டிச் சிறு புள்ளிகள் வைத்து ஆண்டுகளைப் பிரித்துக் காட்டியது. பூதக்கண்ணாடியில் எண்ணிப் பார்த்தேன். பத்துக்கு மேல் புள்ளிகள். அந்தத் தொடரின் கடைசிப் பகுதியில் பிறந்த காசு, மாலையில் ஏறும்வரை ஓரிரு ஆண்டுகள் புழங்கியிருந்தால் அதிகம். சென்னை அக்கசாலை 1869இல் மூடப்பட்டுவிட்டதால், இந்தக் கரைக்குப் பம்பாய் ரூபாய் வந்ததில் வியப்பும் இல்லை.

அப்படியானால் 1840ஐ எப்படி நம்புவது? அதுவும் 1862 வரை உறைந்து நின்ற தேதியே. அங்கே சாட்சி எழுத்துகள். ராணியின் பெயரும் பட்டமும் தலையைச் சுற்றி இடைவெளியின்றி ஓடினால் முந்தைய வகை, தலை நடுவில் பிரித்தால் பிந்தையது. நம் காசு முந்தையது. அது தேய்ந்ததற்கு நியாயம் உண்டு.

தரம் பார்ப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. தூத்துக்குடி முத்துச் சலாபத்தில் பித்தளைச் சல்லடைகளில் சலித்து, முதலில் பருமன், பிறகு உருவம், ஒளி என்று பார்த்து ஆணி, குறுவல், கழிப்பு, தூள் என வகை பிரித்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல்களில் ஒன்று மன்னார் வளைகுடா முத்துக் குளிப்பைப் பற்றியது, இன்னொன்று கம்பெனி நாணயங்களைப் பற்றியது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் சுகம் தனி.

காசுக்குப் பலவகை நீதிபதிகள். காசு மாற்றும் சராப்பு, ஓசை கேட்டு எடை பார்ப்பவர். அன்றைய அரசுக்கு எடையே பிரதானம்: 1870 நாணயச் சட்டப்படி, நூற்றுக்கு இரண்டுக்கு மேல் எடை குறைந்தாலோ, வெட்டியோ அராவியோ இருந்தாலோ செல்லாமல் போனது. 11.43 கிராம்தான் எல்லையாக இருந்தது. சேகரிப்பாளர் எடையை விடத் தோற்றத்தைப் பார்ப்பவர். கூந்தல், கிரீடம், கன்னம் போன்ற மேடான இடங்கள் எவ்வளவு மிச்சம் என்பதை வைத்து ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்று ஏற்றுவார்கள். புழங்காத காசுக்குத் தனி இடம்.

மேலங்கியின் பூவேலையைப் பார்த்தால் நம் 1862 காசு மேல் தரம்தான். ஆனால் விளிம்பில் காது பற்றவைத்து எடுத்த தழும்பு இருக்கிறது. போதாக்குறைக்கு யாரோ புளி போட்டு விளக்கியிருக்கிறார்கள், வயதான வெள்ளிக்குரிய சாம்பல் படலம் போய்க் கண்ணாடிபோல் மின்னுகிறது. என் கணக்கில் பற்றுவாயை விட இதுவே பெரிய சேதம். இந்தக் காசுக்குச் சந்தையில் வெள்ளி விலையை விடச் சற்று மேலே கிடைத்தால் உண்டு.

1840 காசு நிறுத்தால் 11.3 கிராம். அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பற்றுப்பொடியும் அதில் சேர்த்தி. அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் இன்னும் குறையும். அன்றைய கஜானா கைகழுவியிருக்கும். ஆனால் இந்தக் காசை யாரும் விளக்கவில்லை.