நம் தெருவை வரைந்தது யார்?



சென்ற ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, பி பிளாக் தாத்தாவுக்கு மூச்சுத்திணறல் வந்து ஆம்புலன்ஸை அழைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். நாமெல்லாம் மெயின் கேட்டில் குடையோடு காத்திருந்தோம். வண்டியோ பின்பக்க மதிலுக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் கரையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. டிரைவரின் போனில் இருந்த வரைபடம் அந்தக் கரையைத்தான் வழி என்று காட்டியிருக்கிறது. செக்யூரிட்டி ஓடிப்போய்ச் சுற்றி அழைத்துவருவதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது. தாத்தா இப்போது நலம்; மாலையில் வாக்கிங்கும் போகிறார். ஆனால் அன்றைக்கு எல்லோரும் கேட்ட கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது: "இதை யார் இப்படிப் போட்டு வைத்தது?"

பதில் தேடிப் பார்த்தேன். அந்தக் கோடு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற பொது வரைபடத்தில் இருந்தது. யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி அதில் வரையலாம், திருத்தலாம். பல செயலிகள் அதிலிருந்து தகவலை எடுத்துக்கொள்கின்றன. அதில் ஒவ்வொரு கோட்டுக்கும் வரலாறு உண்டு. நம் வாய்க்கால் கரைக் கோட்டின் வரலாற்றைத் திறந்தால், செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்தது என்று குறிப்பு இருக்கிறது. வரைந்த தேதியில் நம் அபார்ட்மெண்டே கிடையாது, கரும்புக் கொல்லைதான். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன டிராக்டர் தடம் வானத்திலிருந்து பார்த்தால் சாலை போலத்தான் தெரியும். வரைந்தவர் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் வரைந்தார். பிறகு மதில் எழுந்தது. கோடு அப்படியே இருந்தது. செயலி அதை நம்பியது. டிரைவர் செயலியை நம்பினார்.

யாரோ ஒருவரின் தவறு என்று கைகாட்ட முடியவில்லை பாருங்கள். படம் எடுத்த நிறுவனம், வரைந்தவர், வகைப்படுத்தும் விதி, செயலி எனப் பல கைகள் சேர்ந்த ஓர் அமைப்பின் விளைவு அது. "மக்கள் வரைந்த வரைபடம்" என்பார்கள். அந்த மக்களுக்குப் பின்னால் என்னென்ன இருக்கின்றன என்பதை அதன் வரலாறு சொல்லும்.

அரசு வரைந்த காலம்

நம் நாட்டில் வரைபடம் நெடுங்காலம் அரசாங்கத்தின் வேலை, அதிலும் ராணுவத்தின் வேலை. சர்வே ஆஃப் இந்தியா தொடங்கியது 1767-இல். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளக்கும் பெரும்பணியைத் தொடங்கினார். நிலத்தை அளப்பது ஆள்வதற்கும் வரி வசூலிப்பதற்கும். வரைபடத்தில் எது வரும், யார் பார்க்கலாம் என்பதையும் அரசே முடிவு செய்தது.

2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் இதற்கு மாற்று ஒன்றைத் தொடங்கினார். அங்கேயும் அரசு வரைபடத்தை விலை கொடுத்துத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. ஜிபிஎஸ் கருவியோடு நடந்து, நாமே வரைந்து பொதுவில் வைப்போம் என்பது அவர் யோசனை. அதுதான் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். 2007-இல் புவியியல் அறிஞர் மைக்கேல் குட்சைல்ட் இப்படிச் சேரும் தகவலுக்குத் "தன்னார்வ நிலத்தகவல்" என்ற பொருளில் ஒரு பெயரும் கொடுத்தார்.

ஆனால் தன்னார்வலர்களின் கால்நடை மட்டுமே அதை வளர்க்கவில்லை. அதே 2007-இல் நெதர்லாந்தின் ஏஎன்டி நிறுவனம் தன் நாட்டுத் தெருக்களோடு இந்தியா, சீனாவின் முக்கியச் சாலைத் தகவலையும் நன்கொடையாகத் தந்தது. 2010 இறுதியில் மைக்ரோசாஃப்ட் தன் பிங் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து வரைய அனுமதித்தது. அதன்பின் சேத்தியாத்தோப்பை வரைய இங்கே வரவேண்டிய தேவையே இல்லை. இன்று அமேசான், மெட்டா, ஆப்பிள் போன்ற நிறுவனங்களின் சம்பள ஊழியர்களும் அதில் வரைகிறார்கள். தங்களுக்கு எது தேவையோ அதை முதலில் வரைவார்கள். டெலிவரிக்குச் சாலை வேண்டும். நம் குளம் வேண்டாம்.

வகைகளும் அப்படித்தான். சாலை வகைகள் பிரிட்டன் சாலைகளைப் பார்த்து அமைத்தவை. நம் வீராணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சோழர் காலத்தில் வெட்டியது; வடவாறு வழியாகக் கொள்ளிடத் தண்ணீர் பெற்று, வயலுக்கும் பாய்ந்து, சென்னைக்குக் குடிநீராகவும் போகிறது. ஆங்கிலத்தில் அது லேக்கா, ரிசர்வாயரா? நாம் ஏரி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். வரைபடத்தில் ஏதாவது ஒரு பெட்டியில் போட்டாக வேண்டும். கரை எங்கே என்பதும் படம் எடுத்தது கோடையிலா, கார்த்திகையிலா என்பதைப் பொறுத்தது.

உழைப்பு யாருக்கு, அனுமதி யாரிடம்

கூகுளும் 2008-இல் மேப் மேக்கர் என்று ஒன்றைத் தொடங்கி மக்களை வரையச் சொன்னது. 2013-இல் இந்தியாவில் மேப்பத்தான் என்ற போட்டியே நடத்தியது. சர்வே ஆஃப் இந்தியா காவல்துறையில் புகார் கொடுத்தது. அடுத்த ஆண்டு சிபிஐ முதற்கட்ட விசாரணை தொடங்கியது. 2017-இல் மேப் மேக்கர் மூடப்பட்டது. வரைந்தவர்களின் உழைப்பு கூகுள் வரைபடத்தோடு கலந்துவிட்டது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் 2012 முதல் இருக்கும் உரிமம் வேறு மாதிரி: யாரும் எடுக்கலாம், ஆனால் மூலத்தைச் சொல்ல வேண்டும், தகவலை மேம்படுத்தி வெளியிட்டால் அதையும் பொதுவில் தர வேண்டும். நம் நாட்டில் இந்திய நிறுவனங்களும் குடிமக்களும் முன்அனுமதி இல்லாமல் நிலத்தகவல் திரட்டலாம் என்ற நிலை 2021 பிப்ரவரி 15-இல் வந்த வழிகாட்டுதலுக்குப் பிறகுதான் தெளிவானது.

2015 வெள்ளம் சொன்ன பாடம்

2015 நவம்பரில் நம் கடலூர் மாவட்டம் பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பண்ருட்டி பக்கம் பெரியகாட்டுப்பாளையத்தில் உயிர்களே போயின. டிசம்பர் தொடக்கத்தில் சென்னை மூழ்கியது. அப்போது மேப்பாக்ஸ் நிறுவனத்தில் இருந்த அருண் கணேஷ், ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் மேல் ஒரு வெள்ள வரைபடம் அமைத்தார். தண்ணீர் நிற்கும் தெருவைத் தொட்டால் அது நிறம் மாறும். மக்கள் மளமளவென்று தெருக்களைக் குறித்தார்கள். எந்த வழியில் போகக்கூடாது என்று மற்றவர்களுக்குத் தெரிந்தது. அருமையான வேலை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தெரு ஏற்கெனவே கோடாக இருந்தால்தான் அதைத் தொட முடியும். சென்னைத் தெருக்களைப் பல ஆண்டுகளாக யாரோ பொறுமையாக வரைந்து வைத்திருந்தார்கள். தொடுவதற்குக் கையில் ஸ்மார்ட்போன், அதில் சார்ஜ், சிக்னல் எல்லாம் வேண்டும். கோடில்லாத ஊரில் இடுப்பளவு தண்ணீர் நின்றாலும் வரைபடத்தில் அது காய்ந்த நிலம்தான். வரைபடத்தில் வெறுமையாக இருக்கும் இடம் பிரச்சினை இல்லாத இடம் என்று அர்த்தமில்லை. அங்கிருந்து சொல்ல ஆளோ வழியோ இல்லை என்பதாகவும் இருக்கலாம். வெள்ளாற்றங்கரையில் இருக்கும் நமக்கு இது சின்ன விஷயமா?

அதனால் அடுத்த மழைக்காலத்துக்குள் நம் பக்கத்தை நாமே சரிசெய்வோம். மெயின் கேட், பிளாக் பெயர்கள், மூடிய பின்வாசல், டிராக்டர் மட்டும் போகும் வாய்க்கால் கரை, தண்ணீர் தேங்கும் தாழ்வான முனை ஆகியவற்றை நேரில் பார்த்துக் குறிக்க வேண்டும். ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் தமிழிலும் சேர்க்கலாம். அதற்குத் தனி இடம் உண்டு. வேறு செயலியின் வரைபடத்தைப் பார்த்து நகலெடுக்கக் கூடாது, உரிமம் அனுமதிக்காது. யார் எந்த ஃபிளாட்டில் இருக்கிறார், போன் நம்பர் என்ன என்பதெல்லாம் அதில் போகவே கூடாது.

விருப்பமுள்ளவர்கள் அசோசியேஷன் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள் ஒரு சுற்று நடந்துவிடலாம். பி பிளாக் தாத்தா ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார். வாய்க்கால் கரையை அவரே காட்டுகிறாராம்.