பேழையும் வானவில்லும்: பண்டை எபிரேய மரபில் உடன்படிக்கையும் அதன் அடையாளங்களும்

பண்டைய மேற்காசிய மக்களுள் எபிரேயர் பேரரசுகளை நிறுவிப் புகழ்பெற்றவரல்லர். அவர்தம் வட இராச்சியமாகிய இஸ்ரவேல் கி.மு. 722 அளவில் அசீரியரிடம் வீழ்ந்தது. தென் இராச்சியமாகிய யூதா கி.மு. 586 அளவில் பபிலோனிய மன்னன் நெபுகத்நேசாரின் படைகளால் அழிக்கப்பட்டது. அரசு மறைந்தது, எருசலேம் ஆலயம் எரியுண்டது, மக்களுள் ஒரு பகுதியினர் பபிலோனியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இறைவனோடு தம் முன்னோர் செய்துகொண்ட உடன்படிக்கைக்குச் சான்றாக அவர்கள் போற்றிவந்த பேழையும் அதன்பின் வரலாற்றிற் காணப்படவில்லை. உடன்படிக்கையைத் தாங்கிய பொருள் மறைந்தபின்னும் அவ்வுடன்படிக்கை நிலைத்தது எங்ஙனம்? இவ்வினாவுக்கு எபிரேயரின் பிரளயக் கதை ஒரு விடையைத் தருகின்றது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். நோவாவின் மரக்கலத்தையும் உடன்படிக்கைக் கற்பலகைகள் வைக்கப்பட்ட பெட்டியையும் பேழை என்ற ஒரே சொல்லாற் குறிக்கும் வழக்குத் தமிழில் உண்டு. எபிரேய மொழியில் இவை வெவ்வேறு சொற்களாம். மரக்கலம் ‘தேவா’ எனப்படும். நோவாவின் கலத்தையும் குழந்தை மோசே நைல் நதியில் விடப்பட்ட கூடையையும் தவிர வேறெதனையும் எபிரேய விவிலியம் இச்சொல்லாற் குறிப்பதில்லை. கற்பலகைகளின் பெட்டியோ ‘ஆரோன்’ எனப்படும். உடன்படிக்கைக்கு வழங்கும் சொல் ‘பெரித்’ என்பதாகும்.

பிரளயக் கதை எபிரேயருக்கு மட்டும் உரியதன்று. 1872ஆம் ஆண்டு திசெம்பர் 3ஆம் திகதி இலண்டனில் விவிலியத் தொல்லியற் கழகத்தின் கூட்டத்தில் ஜோர்ஜ் சிமித் என்பார் ஒரு களிமண் ஏட்டின் வாசகத்தை மொழிபெயர்த்து வாசித்தார். நினிவேயில் அசுர்பானிபால் மன்னனின் நூலகத்திற் கிடைத்த அவ்வேடு கில்கமேஷ் காவியத்தின் பதினோராம் பகுதியாகும். தெய்வமொன்றின் எச்சரிக்கையும், கலம் அமைத்தலும், கீல் பூசுதலும், உயிரினங்களை ஏற்றுதலும், கலம் மலையிற் தங்குதலும், பறவைகளை விட்டுப் பார்த்தலும், பலியிடுதலும் இரு கதைகளிலும் ஒத்துள்ளன. கீலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லாகிய ‘கோபேர்’ அக்காடிய மொழியின் ‘குப்ரு’ என்பதோடு தொடர்புடையதாதலும் நோக்கத்தக்கது. இக்கதையினும் பழைமையான அத்ரஹாசிஸ் காவியத்தின் படிகள் கி.மு. 17ஆம் நூற்றாண்டளவைச் சேர்ந்தவை. எனவே எபிரேயர் இக்கதையை மெசொப்பொத்தேமிய மரபிலிருந்து பெற்றனர் என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிபாகும்.

எனினும், பெற்ற கதையை அவர்கள் எவ்வாறு முடித்தனர் என்பதே இங்கு முக்கியமானது. அத்ரஹாசிஸ் காவியத்தில் மனிதரின் ஆரவாரம் பொறாத என்லில் என்னும் தெய்வம் வெள்ளத்தை அனுப்புகின்றது. வெள்ளம் வடிந்தபின் மக்கட்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகள் செய்யப்படுகின்றன. கில்கமேஷ் காவியத்திலோ பிழைத்த உத்னபிஷ்திமுக்கும் அவன் மனைவிக்கும் மாத்திரம் இறவாமை வழங்கப்படுகின்றது. தேவி ஒருத்தி தன் கழுத்தணியைச் சுட்டி அந்நாட்களை மறவேன் என்கின்றாள். ஆயின் மனிதகுலத்துக்கு உறுதிமொழி எதுவும் அளிக்கப்படுவதில்லை. ஆதியாகமத்தின் ஒன்பதாம் அதிகாரத்திலோ கதை ஒரு பெரித்தாக முடிகின்றது. அது நோவாவோடு மட்டுமன்றி அவன் சந்ததியாரோடும் உயிரினங்கள் அனைத்தோடும் செய்யப்படுகின்றது. வெள்ளத்தால் உலகம் மீண்டும் அழிக்கப்படமாட்டாது என்னும் அவ்வுறுதி மனிதரின் நடத்தையைப் பொறுத்ததன்று. அதன் அடையாளம் வானவில்லாகும்.

சீனாய் மலை உடன்படிக்கையின் இயல்பு இதனின் வேறானது. அது கட்டளைகளையும், அவற்றை மீறுவார்க்குச் சாபங்களையும் உடையது. 1954இல் ஜோர்ஜ் மென்டன்ஹோல் இதனை ஹிட்டைற்றுப் பேரரசர் தமக்குட்பட்ட சிற்றரசரோடு செய்த ஒப்பந்தங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். அவ்வொப்பந்தங்கள் பேரரசன் செய்த நன்மைகளைக் கூறிப் பின் கடமைகளை விதிப்பன. ஒப்பந்த ஏட்டினைத் தெய்வத்தின் முன்னிலையில் வைத்துக் காலந்தோறும் வாசித்தல் வேண்டும் என்ற விதியும் அவற்றுட் காணப்படும். 1955இல் நிம்ரூதிற் கண்டெடுக்கப்பட்ட, கி.மு. 672ஆம் ஆண்டைச் சேர்ந்த அசீரிய மன்னன் எசர்ஹத்தோனின் ஒப்பந்தங்களிலுள்ள சாபங்கள் உபாகமத்தின் 28ஆம் அதிகாரத்தைப் பெரிதும் ஒத்தன. இவ்வொப்புமைகளுள் எது வலியது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் உடன்படிக்கைப் பேழையின் பயனை இவை விளக்குகின்றன. இரண்டரை முழ நீளமும் ஒன்றரை முழ அகலமும் உயரமும் கொண்ட, பொன்வேய்ந்த அப்பெட்டி, ஒப்பந்த ஏடு தெய்வ சந்நிதியில் வைக்கப்படும் இடமாயிற்று.

வைக்கும் இடமே வணங்கும் பொருளாக மாறும் அபாயத்தை எபிரேய நூல்கள் மறைக்கவில்லை. பெலிஸ்தியரோடு செய்த போரிலே வெற்றிக்குப் பிணையாகச் சீலோவிலிருந்து பேழையைக் கொண்டுசென்ற இஸ்ரவேலர் போரிலும் தோற்றுப் பேழையையும் இழந்தனர் எனச் சாமுவேலின் முதல் நூல் கூறும். மோசே செய்ததெனப் போற்றப்பட்ட வெண்கல நாகத்துக்கு மக்கள் தூபங்காட்டியமையால் எசேக்கியா மன்னன் அதனை உடைத்தெறிந்தான் என்பது அரசர் வரலாறு. புனிதப் பொருள் நினைவுக்குத் துணையாகுமேயன்றி நினைவுக்கு ஈடாகாது என்ற உணர்வு இவ்விரு நிகழ்ச்சிகளிலும் புலப்படுகின்றது.

கி.மு. 586இன் அழிவு இவ்வுணர்வைச் சோதித்தது. பபிலோனியர் கவர்ந்துசென்ற ஆலயப் பொருள்களின் பட்டியலிற் பேழை இடம்பெறவில்லை. அதனை இனி எவரும் நினையார், மீண்டும் செய்யவும் மாட்டார் என்ற கருத்து எரேமியாவின் நூலில் வருகின்றது. ஆதியாகமத்தின் பிரளயப் பகுதியில் இரு மூலங்கள் கலந்துள்ளன என்பது வெல்ஹவுசன் முதலானோரின் ஆய்வால் நிலைபெற்ற கருத்தாகும். வானவில் உடன்படிக்கை அவற்றுட் குருத்துவ மூலத்தைச் சேர்ந்தது. அம்மூலம் சிறையிருப்புக் காலத்தையோ அதனை அடுத்த காலத்தையோ சேர்ந்ததெனப் பலர் கொள்வர். அதற்கு முற்பட்டது என்பாரும் உளர். உடன்படிக்கையின் அடையாளங்களென அம்மூலம் கூறுவன மூன்று: நோவாவுக்கு வானவில், ஆபிரகாமுக்கு விருத்தசேதனம், இஸ்ரவேலருக்கு ஓய்வுநாள். இவற்றுள் ஒன்றேனும் ஆலயத்தையோ அரசனையோ வேண்டி நிற்பதன்று. வானிலும் உடலிலும் காலத்திலும் அமைந்த இவற்றைப் படையெடுத்து வருவோர் கவர்ந்துசெல்ல இயலாது. விருத்தசேதனமும் ஓய்வுநாளும் பழைய வழக்கங்களே எனலாம். அவற்றை உடன்படிக்கையின் அடையாளங்களாக வகுத்தமையே புதுமையாகும். பேழையின் அளவுகளை நுணுக்கமாக எழுதிவைத்ததும் இம்மூலமே என்பதை எண்ணும்போது, இழந்த பொருளும் எழுத்தாக மாற்றிக் காக்கப்பட்டமை புலனாகும்.

சிறையிருப்பின் இறுதியில் எழுந்ததெனக் கருதப்படும் ஏசாயா நூற்பகுதி இதனை உறுதிப்படுத்துகின்றது. அதன் 54ஆம் அதிகாரம் நாடிழந்தோரின் துயரை நோவாவின் வெள்ளத்தோடு ஒப்பிடுகின்றது. மலைகள் பெயரினும் சமாதான உடன்படிக்கை பெயராது என அவர்களைத் தேற்றுகின்றது. இங்குப் பிரளயம் பழங்கதையாக நில்லாது, தம் அழிவை விளங்கிக்கொள்ளவும் அதனைக் கடந்து நிற்கவும் ஒரு மக்கட்கூட்டத்துக்குக் கிடைத்த மொழியாகின்றது.

கி.மு. 515 அளவில் நிறைவுற்ற இரண்டாம் ஆலயத்தின் மகா பரிசுத்த இடத்திற் பேழை இருக்கவில்லை. கி.மு. 63இல் அதனுட் புகுந்த உரோமைத் தளபதி பொம்பேயு தெய்வ உருவம் எதனையும் காணவில்லை என வரலாற்றாசிரியர் தசித்தசு குறித்துள்ளார். எரேமியா பேழையை மலைக்குகையில் மறைத்தார் எனவும், அது எத்தியோப்பியாவின் அக்சூம் நகரில் உள்ளது எனவும் பிற்காலத்து மரபுகள் எழுந்தன. கி.பி. 70இல் உரோமர் இரண்டாம் ஆலயத்தையும் அழித்தனர். யூத சமூகத்தை அதன்பின் வாழவைத்தது பேழையைத் தேடும் முயற்சியன்று. நூலை வாசிக்கும் வழக்கமேயாம்.

இதுகாறும் கூறியவற்றுக்கு ஒரு சொல்வழக்குச் சான்றாக அமைகின்றது. தொழுகைக் கூடங்களில் வேதச் சுருள்கள் வைக்கப்படும் பெட்டியை, கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா ‘தேவா’ எனக் குறிக்கின்றது. அதுவே ‘ஆரோன்’ எனவும் வழங்கப்படலாயிற்று. வெள்ளத்தில் உயிரைக் காத்த கலமும் சட்டத்தைத் தாங்கிய பெட்டியும் விவிலியத்தில் வேறாகப் பிரித்துப் பேசப்பட்டன. அவ்விரண்டின் பெயரும் ஈற்றில் ஏடுகளைக் காக்கும் பெட்டி ஒன்றனுக்கே உரியவாயின. ஊரூராகச் சிதறிய மக்களுக்கு அவ்வேடுகளே கலமும் ஆயின, ஆலயமும் ஆயின.