தளவாய்புரம் வட்டாரத் துணித்தொழிலில் ஆங்கிலச் சொற்களின் பொருட்சுருக்கம்

முன்னுரை

பரந்த பொருளைக் குறித்த ஒரு சொல், காலப்போக்கில் அதன் ஒரு கூறை மட்டும் குறிக்க வருதல் பொருட்சுருக்கம் எனப்படும். 'பொன்' என்ற தமிழ்ச்சொல் முற்காலத்தில் உலோகங்களுக்குப் பொதுவாகவும் வழங்கியது. இன்று அது தங்கத்தையே குறிக்கிறது. பழைய பொதுப்பொருள் 'ஐம்பொன்' என்ற தொகையில் மட்டும் எஞ்சியுள்ளது. உணவு அனைத்தையும் குறித்த 'மீட்' என்ற ஆங்கிலச்சொல் இறைச்சிக்கும், விலங்குப் பொதுமையைக் குறித்த 'டீர்' மானுக்கும் உரியனவாகச் சுருங்கியதும் இவ்வகையினவே.

பிரெஞ்சு மொழியியலாளர் மிஷெல் பிரேயால் 1897இல் வெளியிட்ட பொருண்மையியல் நூலில் இம்மாற்றத்தை விளக்கினார். பொதுமொழியிலிருந்து ஒரு சிறு குழுவின் வழக்கிற்குள் நுழையும் சொல் சுருங்கும் என்றும், அங்கிருந்து பொதுமொழிக்குத் திரும்பும் சொல் விரியும் என்றும் 1906இல் அந்துவான் மெய்யே எடுத்துரைத்தார். இக்கருத்தை விருதுநகர் மாவட்டம் தளவாய்புரத்தையும் அதனைச் சூழ்ந்த இராஜபாளையம் பகுதியையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. நூற்பு, நெசவு, தையல் என்னும் மூன்றும் அருகருகே நிகழும் வட்டாரம் இது.

நூற்பும் நெசவும்

'மில்' என்ற ஆங்கிலச்சொல்லின் வேர், 'அரைத்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையாகும். மாவரைக்கும் இடத்தைக் குறித்த இச்சொல், தொழிற்புரட்சிக்காலத்தில் பலவகை ஆலைகளுக்கும் விரிந்தது. பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936இல் இராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நூற்பாலைகள் பெருகிய இவ்வட்டாரத்தில் அடைமொழியின்றி 'மில்' என்றால் அது நூற்பாலையே. அரிசி ஆலைக்கு 'ரைஸ்' என்ற அடைமொழி தேவைப்படுகிறது. சொல்லின் மூலப்பொருளுக்கு நெருக்கமான ஆலையே இங்கு அடைமொழி வேண்டி நிற்பது கருதத்தக்கது.

எண்ணுதலைக் குறிக்கும் 'கவுண்ட்', நூற்பாலையில் நூலின் நுண்மையைக் குறிக்கும் அளவாகிறது. ஒரு பவுண்டு எடையுள்ள பருத்தி நூலில் 840 கெச நீளமுள்ள எத்தனை சிட்டங்கள் அடங்குகின்றன என்பதே ஆங்கில முறையின் கவுண்ட். ஆகவே 40 கவுண்ட் நூல் ஒரு பவுண்டுக்கு 33,600 கெசம் நீளும். எண் உயர உயர நூல் மெலியும்.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி மருத்துவத் துணி நெசவுக்குப் பெயர்பெற்றது. காயத்தின்மேல் கட்டப்பெறும் கட்டைக் குறிக்கும் 'பேண்டேஜ்', அங்கு நெய்யப்பெறும் துணியின் பெயராகவும் வழங்குகிறது. மருத்துவமனையில் பயனைக் குறிக்கும் சொல், தறியடியில் பண்டத்தைக் குறிக்கிறது.

தையல்

தளவாய்புரம் நைட்டி உற்பத்திக்கு அறியப்பட்ட ஊர். ஆங்கிலத்தில் 'நைட்டி' என்பது இரவில் அணியும் ஆடையின் செல்லப்பெயராக 19ஆம் நூற்றாண்டில் தோன்றியது. தமிழில் இச்சொல் இரு திசைகளில் நகர்ந்துள்ளது. வடிவ அளவில் அது சுருங்கி, கணுக்கால்வரை தொங்கும் தளர்வான ஒற்றை ஆடையையே பெரும்பாலும் குறிக்கிறது. கால அளவில் அது விரிந்து, பகலில் வீட்டுவேலையின்போது உடுத்தும் ஆடைக்கும் பெயராயிற்று. சுருக்கமும் விரிவும் ஒரே சொல்லில் உடன்நிகழலாம் என்பதற்கு இது சான்று.

ஆங்கிலத்தில் பெயரடையாகிய 'ரெடிமேட்' தமிழில் ஆயத்த ஆடையைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாகிறது. தையற்காரர் வீட்டில் 'மெஷின்' என்பது தையல் இயந்திரமே. 'பீஸ்' என்ற சொல்லின் பல பொருள்களுள் 'துணுக்கு' என்பதைத் தையற்கூலிக் கணக்கு விட்டுவிட்டு, 'எண்ணப்படும் ஓர் உருப்படி' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டது. 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் காலத்தின்படி பெறும் கூலியையும் உருப்படியின்படி பெறும் கூலியையும் வேறுபடுத்தியது. பின்னதைத் 'துண்டு வீதம்' என மொழிபெயர்த்தால், தையற்கூலி விட்டுவிட்ட பொருளே மீண்டும் உள்நுழைகிறது.

விசைத்தறி: சுருக்கத்தின் விளைவு

எட்மண்ட் கார்ட்ரைட் 1785இல் காப்புரிமை பெற்ற 'பவர்லூம்', இயந்திர ஆற்றலால் இயங்கும் தறியைக் குறித்தது. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும் ஆற்றலால் இயங்கும் தறி என்றே அதனை வரையறுக்கிறது. ஆயினும் இந்தியத் துணித்துறையின் வழக்கில், பெரிய ஆலைகளுக்கு வெளியே சிறு கூடங்களிலும் வீடுகளிலும் இயங்கும் தறித்தொழிலுக்கே அச்சொல் உரியதாயிற்று. ஆலைத்தறியும் விசையால் இயங்குவதே எனினும் அது தனிப்பிரிவாக எண்ணப்பட்டது.

'விசைத்தறி' என்னும் தமிழாக்கம் சொல்லுறுப்புகளின்படி பரந்த பொருளுடையது. ஆயினும் அது ஆங்கிலச்சொல்லின் சுருங்கிய பொருளையே ஏற்றுக்கொண்டது. இப்பொருளெல்லையில் வாழ்வாதாரம் அடங்கியுள்ளது. தமிழக அரசு விசைத்தறியாளர்களுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை வழங்கும் கட்டணமில்லா மின்சாரம் 2016இல் 750 அலகாகவும், 2023இல் 1,000 அலகாகவும் உயர்த்தப்பட்டது. இச்சலுகையின் பயனாளி யார் என்பதைச் 'விசை', 'தறி' என்னும் சொல்லுறுப்புகளைக் கொண்டு அறிய இயலாது. துறைவழக்கே அதனைத் தெளிவிக்கிறது.

முடிவுரை

தொழில்வழக்கில் சுருங்கிய ஆங்கிலச் சொற்களை மொழிக்கலப்பு என்ற ஒரே தலைப்பில் அடக்குவது போதுமானதன்று. ஒவ்வொரு சுருக்கமும் ஒரு தொழிற்பிரிவையோ கூலிமுறையையோ பதிவுசெய்கிறது. தமிழாக்கம் செய்வதனால் மட்டும் அச்சுருக்கம் நீங்குவதில்லை என்பதை 'விசைத்தறி' காட்டுகிறது. தொழிற்பொருளை நோக்காத தமிழாக்கம் பிறழும் என்பதைத் 'துண்டு வீதம்' காட்டுகிறது. எனவே கலைச்சொல் ஆக்கத்தில் ஆங்கில அகராதி தரும் பொருளைவிட, தறியடியிலும் தையற்கூடத்திலும் சொல் எதனைக் குறிக்கிறது என்பதே முதற்சான்றாகக் கொள்ளத்தக்கது.