ஸ்கீயிங் போக ஓராண்டு 'பிரேக்': கல்லூரி சீட், கடன் என்ன ஆகும்?

அமெரிக்காவில் சில மாணவர்கள் படிப்புக்கு ஓராண்டு இடைவெளி விட்டு, பனிச்சறுக்கு விளையாட மலைக்குக் கிளம்பிடுறாங்க. இதுதான் 'கேப் இயர்'. கொலராடோ, யூட்டா ரிசார்ட்டுகளில் லிஃப்ட் இயக்கும் வேலை கிடைத்தால் சீசன் பாஸ் பெரும்பாலும் இலவசம். தங்க இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு.

கல்லூரியில் சேரும் முன்பே போனால் சிக்கல் குறைவு. கிடைத்த சீட்டை ஓராண்டு தள்ளிவைக்க பல கல்லூரிகள் அனுமதிக்கும். உதவித்தொகையும் காத்திருக்குமா என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

படிப்பின் நடுவே போனால்தான் வம்பு. மத்திய அரசின் கல்விக்கடன் வாங்கியவர்களுக்கு, படிப்பை நிறுத்தியதும் 6 மாத அவகாசம்தான். மே மாதம் கிளம்பினால், பனி விழத் தொடங்கும் நவம்பரில் அவகாசம் முடிந்துவிடும். அப்புறம் தவணை கட்டணும். மறுபடி கல்லூரியில் சேர்ந்தால் தவணையை நிறுத்தி வைக்கலாம். ஆனால் முழுசாகத் தீர்ந்த அந்த 6 மாதம், பட்டம் வாங்கிய பிறகு திரும்பக் கிடைக்காது.