பெட்டியோடு போனவர்களும் வீட்டோடு போனவர்களும்

கடல் கடந்து சென்று வாணிகம் செய்தவர்களைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் ஈட்டிய பொருளைப் பற்றியே நாம் பெரிதும் பேசுகிறோம். அவர்கள் எதை எடுத்துக்கொண்டு போனார்கள், எதை ஊரிலேயே விட்டுச் சென்றார்கள், திரும்பும் காலம் வந்தபோது எதைக் கொண்டுவர முடிந்தது என்று கேட்பவர் குறைவு. ஒரு தொழிலை ஒரு நாட்டிலிருந்து பெயர்த்து வேறொரு நாட்டில் நடுவது எளிய காரியமன்று. வீட்டையும் உடன் பெயர்ப்பதா, வேண்டாமா என்பது அதனினும் கடிய வினா. இந்த இரண்டு வினாக்களுக்கும் பர்மாவுக்குச் சென்ற தமிழர்கள் கண்ட விடைகளையும், அவ்விடைகளுக்கு அவர்கள் கொடுத்த விலையையும் இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இது எனக்கு ஏட்டில் மட்டும் படித்த செய்தியன்று. என் பாட்டனார் பர்மாவில் இருந்தவர். எங்கள் வழக்கப்படி அவரை 'ஐயா' என்றே அழைப்போம். 1913-ஆம் ஆண்டில், பதினான்கு வயதில், ஐராவதியின் கழிமுகத்தில் உள்ள பியாப்போன் என்னும் ஊருக்கு அவர் பெட்டியடிப் பையனாகச் சென்றார். அவர் திரும்பக் கொண்டுவந்த ஒரு பேரேடு இன்றும் என்னிடம் இருக்கிறது.

முதலில் பர்மாவுக்குப் போக நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1852-இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐரோப்பியச் சந்தை அருகே வந்தது. பர்மிய அரிசிக்குக் கிராக்கி ஏற்பட, கழிமுகத்தின் காடுகளும் சதுப்புகளும் வயல்களாயின. காட்டைத் திருத்தும் குடியானவனுக்கு மாடு வாங்கவும், விதை வாங்கவும், அறுவடை வரையில் உண்ணவும் பணம் வேண்டும். பெரிய ஐரோப்பிய பாங்குகள் சேற்றில் இறங்கி அவனுக்குக் கடன் கொடுக்கப் போவதில்லை. அந்த இடைவெளியில் சென்று அமர்ந்தவர்களே செட்டிநாட்டு நகரத்தார்கள். 1929-30-இல் பர்மாவின் பாங்குத் தொழிலை ஆராய்ந்த விசாரணைக் குழு, அங்கே செட்டியார் கடைகள் சுமார் 1,650 என்றும், அவற்றில் புழங்கிய முதல் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. அந்நாளைய 75 கோடி எவ்வளவு பெரிய தொகை என்பதை நேயர்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இத்தனை பெரிய தொழிலை அவர்கள் எப்படிப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்? ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்கள் என்றே சொல்லவேண்டும். சென்னைத் துறைமுகத்தில் ரங்கூன் கப்பலில் தளத்துச் சீட்டு வாங்கி ஏறிய ஐயாவிடம் இருந்தவை ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், ஊறுகாய் ஜாடி ஒன்று, முதலாளி கொடுத்த கடிதம் ஒன்று. போய்ச் சேர்ந்த இடத்தில் அவருக்கென்று அறை கிடையாது. 'கிட்டங்கி' என்னும் நீண்ட கூடத்தில் கடைக்கு ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் ஒரு சாய்வுப் பெட்டி, ஒரு இரும்புப் பெட்டி. பகலில் எந்தப் பாயில் அமர்ந்து கணக்கு எழுதினாரோ, இரவில் அதே பாயில் படுத்துக்கொள்வார். சமையல் பொது. கோவிலும் பொது. மாதம் ஒருமுறை ரங்கூனில் கோவிலில் கூடித்தான் அம்மாதத்து நடப்பு வட்டியை நிர்ணயிப்பார்கள். முருகன் சந்நிதியில் பேசிய வட்டியை யாரும் மாற்றிச் சொல்லத் துணியமாட்டார்கள் அல்லவா?

ஆட்களை அனுப்பும் முறையும் ஒரு கட்டுப்பாட்டுக்குள் இருந்தது. முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். கடையை நடத்தும் ஏஜெண்டு மூன்று வருடக் கணக்குக்கு அமர்த்தப்படுவார். அவருக்குக் கீழே அடுத்தாள். அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும்போதே குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டுவிடும். முதலாளியின் பெயரால் கையெழுத்திட அதிகாரப் பத்திரம் ஒன்று எழுதித் தரப்படும். மூன்று வருடம் முடிந்ததும் புது ஏஜெண்டு வருவார். பழையவர் அவரைச் சம்பான் படகில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, ஒவ்வொரு கடன்காரரையும் நேரில் காட்டி, கணக்கை ஒப்புவித்துவிட்டுத்தான் கப்பலேறுவார் என்று ஐயா சொல்லியிருக்கிறார். புரோநோட்டில் இருக்கும் எழுத்தைக் காட்டிலும் முகம் அறிந்திருத்தல் பெரிது என்பது அவர் கொள்கை.

மொழிதான் முதல் ஆண்டில் அவரை வாட்டியது. கணக்குத் தமிழில், பேச்சு பர்மிய மொழியில். பின்ன வாய்ப்பாட்டை எண்சுவடியில் மனப்பாடம் செய்திருந்த பிள்ளைக்கு, கடைவீதியில் ஒரு வெள்ளரிக்காய் கேட்கத் தெரியவில்லையாம். ஓராண்டு கழித்து, எதிரே அமர்ந்திருக்கும் குடியானவன் பயிர் பொய்த்தது என்று சொல்லும்போது, அது மெய்யா பொய்யா என்று குரலிலேயே அறியும் அளவுக்கு அம்மொழி வந்துவிட்டது.

ஆனால் இவ்வளவையும் பெயர்த்துக்கொண்டு போனவர்கள் ஒன்றை மட்டும் பெயர்க்கவில்லை. அதுதான் வீடு. பெண்டு பிள்ளைகள் பெரும்பாலும் கடல் கடக்கவில்லை. என் அப்பத்தா தம் கணவரோடு சேர்ந்து வாழ்ந்த நாட்களைக் கூட்டினால், அவர் ஊருக்கு வந்த இடைவேளைகள்தாம் கணக்கில் சேரும். கல்யாணம், காது குத்து, வீடு கட்டும் வேலை, உறவினர் வழக்கு ஆகிய யாவற்றையும் அப்பத்தாவே முன்னின்று நடத்தினார். வீடு எழுந்தது செட்டிநாட்டில்; அதற்குத் தூணும் உத்திரமுமான தேக்கு வந்தது பர்மாவிலிருந்து. கவுனி அரிசியும் அங்கிருந்துதான் வந்தது என்பார்கள். பொருள் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது; மனிதன் மட்டும் அந்தப் பக்கம் இருந்தான்.

இம்முறையில் ஒரு பாதுகாப்பு இருந்தது. அங்கே என்ன நேர்ந்தாலும் இங்கே ஒரு கூரை உண்டு. ஆனால் இதில் ஒரு குறையும் இருந்தது. அக்குறையை நாம் மறைக்கலாகாது. குடும்பம் இல்லாத ஊரில் மனிதன் அயலவனாகவே இருப்பான். அவனுடைய பிள்ளை அந்த ஊர்ப் பிள்ளையோடு விளையாடவில்லை. அவனுடைய மனைவி அந்த ஊர்க் கிணற்றடியில் பேசவில்லை. பர்மியக் குடியானவன் அவனைக் கண்டது கடன் வாங்கும்போதும் வட்டி கட்டும்போதும்தான்.

1930-இல் உலகப் பெருமந்தம் வந்தது. நெல் விலை சரிந்தது. குடியானவனால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. அடகு வைத்த நிலம் கடன் கொடுத்தவனிடம் வந்தது. கீழ்ப்பர்மாவின் நெல் விளையும் பதின்மூன்று முதன்மை மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு; 1938-இல் அது நூற்றுக்கு 25 பங்கு ஆயிற்று. ஏறத்தாழ 25 லட்சம் ஏக்கர்! கேட்பவர்களுக்கு இது பெருஞ்செல்வமாகத் தோன்றும். ஆனால் கடன் தொழில் செய்பவனுக்கு வேண்டியது திரும்பி வரும் பணம். நிலத்தை உண்டியலில் அனுப்ப முடியாது. கப்பலில் ஏற்ற முடியாது. எதையும் பெட்டியில் வைத்துக்கொண்டு புறப்படும் வகையில் அமைத்திருந்த ஒரு தொழில், பெயர்க்கவே முடியாத ஒன்றில் அகப்பட்டுக்கொண்டது. மறுபுறம், தந்தை காடு திருத்திய வயலில் மகன் குத்தகைக்காரனாக நின்றான். அவன் நெஞ்சு எரிந்ததில் வியப்பென்ன? 1930 டிசம்பரில் தொடங்கிய சாயா சான் கிளர்ச்சியும், 1938-இல் மூண்ட கலவரமும் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல.

காற்று மாறுவதை முன்பே உணர்ந்தவர்களும் உண்டு. 1900-இல் மோல்மீனில் தொழில் தொடங்கிய முருகப்பா குடும்பத்தார், 1930-களிலேயே தம் முதலை இந்தியாவுக்குத் திருப்பினர். பின்னர் 1949-இல் சென்னையை அடுத்து சைக்கிள் தொழிற்சாலை கண்டனர். எம். சிதம்பரம் செட்டியார் 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் தொடங்கியபோது, காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் கிளைகள் திறந்தார். அதே ஆண்டு ஏப்ரல் முதல் நாளில்தான் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. அதுவரையில் ஒரே அரசாட்சியின் கீழ் இருந்த ஒரு மாகாணம், ஒரே நாளில் அயல்நாடாயிற்று. ஐயா இருந்த இடத்திலேயே இருந்தார். ஆனால் அன்று முதல் அவர் வெளிநாட்டார்.

1941 டிசம்பர் 23-ஆம் நாள் ரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு வீசினர். 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. நான்கு லட்சத்துக்குக் குறையாத இந்தியர் இடம்பெயர்ந்தனர். கப்பலில் இடம் கிடைத்தவர் கடல்வழி வந்தனர். கிடைக்காதவர் அரக்கான் வழியாகவும், மணிப்பூர் மலைவழியாகவும் நடந்தனர். பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். ஐயாவுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. ஒரு பெட்டிக்குமேல் கொண்டுவர முடியாத நிலையில் அவர் தம் துணிமணிகளை எடுத்துவிட்டு, பேரேட்டையும் நிலப் பத்திரங்களையும் வைத்துக்கொண்டார். போர் முடிந்ததும் 1946-இல் அந்தப் பத்திரங்களோடு மீண்டும் போனார். 1948 ஜனவரி 4-ஆம் நாள் பர்மா சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டே நிலத்தைத் தேசவுடைமை ஆக்கும் சட்டம் வந்தது. 1949-இல் ஐயா ஊருக்குத் திரும்பினார். பிறகு போகவில்லை.

இனி, வீட்டோடு போனவர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். மூட்டை தூக்கியும், ஆலையில் உழைத்தும், சிறு கடை வைத்தும் பிழைக்கப் போன எளிய தமிழர்களில் பலர் அங்கேயே குடும்பமாகிவிட்டனர். போருக்குப் பின்பும் அங்கேயே இருந்தனர். 1962-இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963-இல் பாங்குகளும், 1964 மார்ச் முதற்கொண்டு கடைகளும் அரசுடைமை ஆயின. அவ்வாண்டு மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. கடையும் போய், கையில் இருந்த நோட்டும் போய், லட்சக்கணக்கானோர் கப்பலேறினர்.

அந்த ஆண்டு எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த ஒருவர், ரங்கூனில் சிறு மளிகைக் கடை வைத்திருந்தவர், மனைவியோடும் நான்கு பிள்ளைகளோடும் வந்து எங்கள் முகப்புத் திண்ணையில் அமர்ந்தார். பிள்ளைகள் தங்களுக்குள் பர்மிய மொழியில் பேசிக்கொண்டார்கள். அவர் ஐயாவிடம் சொன்ன சொற்கள் இன்றும் என் செவியில் இருக்கின்றன.

"முதலாளி, உங்களுக்குப் போனது பணம். எனக்கு ஊரே போய்விட்டது. என் பிள்ளைகளுக்கு இந்த ஊரின் பெயர்கூடச் சரியாகச் சொல்ல வரவில்லை."

ஐயா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "உமக்கு இழப்பதற்கு ஓர் ஊராவது அங்கே இருந்தது. முப்பது வருஷம் இருந்த இடத்தில் எனக்கு இருந்தது ஒரு பாய்" என்றார். அவரை அன்றிரவே பர்மியச் சமையல் செய்யச் சொல்லி, இருவரும் சேர்ந்து உண்டார்கள்.

அக்குடும்பங்கள் பட்ட பாடு பெரிது. வியாசர்பாடி முதலிய இடங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். 1969-இல் சென்னைக் கடற்கரைச் சாலையில் அவர்களுக்காகப் பர்மா பஜார் ஏற்பட்டது. இங்கே மனம் ஒட்டாமல் தரைவழியே பர்மாவுக்குத் திரும்ப முயன்று, எல்லையில் தடுக்கப்பட்ட சிலர் மணிப்பூரின் மோரே என்னும் ஊரிலேயே தங்கித் தமிழ்க் குடியிருப்பை உண்டாக்கினர். அத்தோ என்னும் பர்மிய உணவைச் சென்னைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களும் இம்மக்களே. செட்டியார்கள் கொண்டுவந்த தேக்கு தனி வீடுகளில் நின்றது. இவர்கள் கொண்டுவந்த உணவு ஊர் மக்கள் யாவருக்கும் கிடைத்தது.

இவ்விரு சாராரில் யார் செய்தது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பெட்டியோடு போனவர்கள் திரும்பி வர ஒரு வீட்டை வைத்திருந்தார்கள். ஆனால் போன இடத்தில் அவர்களுக்காகப் பரிந்து பேச அயல்வீட்டார் இல்லை. வீட்டோடு போனவர்களுக்கு அயல்வீட்டார் இருந்தார்கள். திரும்பி வர வீடு இல்லை. அயல்நாட்டில் தொழில் தொடங்க எண்ணுவோர் கப்பற்கூலி, வரி, சட்டம் ஆகியவற்றைக் கணக்கிடுகிறார்கள். இந்த இரண்டு வரிகளையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுதல் நலம்.

ஐயாவின் பேரேட்டைச் சொன்னேன் அல்லவா? ஊருக்குத் திரும்பிய பிறகும் ஆண்டுதோறும் புதுக்கணக்கு நாளில் அவர் அதைப் பிரித்து, பழைய பாக்கிகளை முன்பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு எடுத்து எழுதுவார். 'கோ' என்றும் 'மா' என்றும் தொடங்கும் பர்மியப் பெயர்கள் தமிழெழுத்தில் வரிசையாக இருக்கும். 1964-க்குப் பிறகு எழுதவில்லை. திண்ணையில் அந்த மனிதர் வந்து போன ஆண்டோடு ஏடு நின்றுவிடுகிறது. கடைசிப் பக்கத்தில் அவர் தொகை கூட்டவில்லை. பெயர்களை மட்டும் ஒருமுறை, ஒன்றுவிடாமல், அழகாக எழுதி வைத்திருக்கிறார்.