இருட்டு வாசல் வழியே நுழைந்த ஒளி

ஜவ்வாது மலையில், காவலூரில், 1968 முதல் தொலைநோக்கிகள் விண்மீன் ஒளியைப் பிடித்து அளக்கின்றன. அந்த ஒளி குழாய்த் தண்ணீர்போல் சீராக வருவதில்லை. ஓட்டின்மேல் விழும் தூறல்போல், ஃபோட்டான் ஃபோட்டானாக, நெருங்கியும் விட்டும் விழும். சராசரியாக 100 வரவேண்டிய நேரத்தில் 90-ம் வரும், 110-ம் வரும். நுட்பமாக அளக்க நினைப்பவரைக் கடைசியில் மறிப்பது இந்தச் சலசலப்புதான்.

அதை அடக்கும் ஒளியின் கதையை நான் நீலகிரியிலிருந்தே தொடங்குவேன். ராபர்ட் ஹான்பரி பிரவுன் 1916-இல் அருவங்காட்டில் பிறந்தவர். அவரும் ரிச்சர்ட் ட்விஸ்ஸும் 1956-இல் இங்கிலாந்தில் பழைய தேடுவிளக்குக் கண்ணாடிகள் இரண்டை சிரியஸ் பக்கம் திருப்பினார்கள். இரண்டிலும் ஒளியின் சலசலப்பு ஒத்துப்போனது. அதிலிருந்தே விண்மீனின் அகலத்தைக் கணித்தார்கள். பலர் நம்பவில்லை. ஒளியைப் புதிதாக எண்ணிப் பார்க்கவேண்டிய கட்டாயம் வந்தது.

1963-இல் ராய் கிளாபரும் ஜார்ஜ் சுதர்சனும் எண்ணிப் பார்த்தார்கள். சுதர்சன் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் முன்னாள் மாணவர். எந்த ஒளியையும் லேசர் போன்ற சீரான அலைகளின் கலவையாக எழுதலாம் என்று காட்டினார். சில ஒளிகளுக்கு அந்தக் கலவையின் பங்கு பூஜ்யத்துக்குக் கீழே போகும். பழைய இயற்பியலில் அப்படிப்பட்ட ஒளிக்கு இடமே இல்லை. 2005 நோபல் கிளாபருக்குக் கிடைத்தது, சுதர்சனுக்கு இல்லை. அது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

1981-இல் கார்ல்டன் கேவ்ஸ் அந்த ஒளிக்கு வேலை கொடுத்தார். ஈர்ப்பலைக் கருவியில் லேசர் இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேரும். வெளியேறும் பக்கம் இருட்டாக இருக்கும். அந்த இருட்டு வாசல் வழியாக வெற்றிடத்தின் நடுக்கம் உள்ளே புகுந்து அளவைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்தார். பலூனை ஒருபக்கம் அமுக்கினால் மறுபக்கம் புடைக்கும். நடுக்கத்தையும் அப்படியே, அளவுக்கு வேண்டிய பக்கம் அமுக்கி, வேண்டாத பக்கம் புடைக்கவிட்டு அனுப்பலாம் என்றார்.

1985-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்லஷர் குழு சோடியம் அணுக்களைக் கொண்டு அமுக்கிய ஒளியை முதலில் உண்டாக்கியது. ஆனால் அது பூஞ்சையான பிள்ளை. வழியில் சில ஃபோட்டான்கள் தொலைந்தாலே பழைய நடுக்கம் திரும்பிவிடும். அதனால் ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோவின் 4 கிலோமீட்டர் கரங்கள் கொண்ட இரண்டு கருவிகளிலும் அது தொடர்ந்து வேலைசெய்ய 2019 ஆயிற்று. லேசரின் பலத்தைக் கூட்டாமலே, ஈர்ப்பலைகள் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு கூடியது.